பழம்பொருளும் ஏலக் கூடமும்

ஏலம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று மலைச் சரிவில் விளைந்து மணம் தருவது. மற்றொன்று போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்றது. அவர்களுடைய 'லெய்லாவ்' என்னும் சொல்லே தமிழில் ஏலம் என்றும், வடநாட்டு மொழிகளில் நீலாம் என்றும் வழங்குகின்றது. ஆகவே, பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இந்தச் சொல் புதியதன்று. ஆனால் அச்சொல் குறிக்கும் காரியம் இங்கே சற்று வேறுபட்டது.

சொந்த ஊரில் நாம் கண்ட ஏலங்கள் எவை? கண்மாய் மீன் ஏலம், புளியமரத்து மகசூல் ஏலம், கோயிலுக்குக் காணிக்கையாக வந்த புடவைகளின் ஏலம், அடகுக் கடையில் மீட்கப்படாத நகைகளின் ஏலம். 'ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்' என்று கூறி முடிக்கும் அவ்வேலங்களில், கூடியிருப்பவர் அனைவருக்கும் பொருளின் விலை ஏறக்குறையத் தெரியும். மீனுக்கும் புளிக்கும் பக்கத்துச் சந்தையில் விலை உண்டு. தங்கத்துக்கு அன்றாட விலை உண்டு. பழம்பொருளுக்கும் ஓவியத்துக்கும் அத்தகைய சந்தை விலை இல்லை. எனவே, அவற்றை ஏலத்தில் எடுக்க விரும்புவோர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இதன் விலை என்ன என்பது முதற்கேள்வி. இது எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. இவற்றுள் இரண்டாவதே பெரிது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

கொல்கத்தாவில் வாழ்வோர் ரஸ்ஸல் தெருவின் பெயரை அறிவர். ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் என்னும் ஏல நிலையம் 1940-இல் அங்கே தொடங்கியது. 1947-க்குப் பின் ஆங்கிலேய வணிகக் குடும்பங்கள் பல கப்பலேறின. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேற்கு வங்கத்தில் ஜமீன்தாரி முறை முடிவுற்றது. பெரிய மாளிகைகளில் இருந்த கடிகாரங்கள், மேசை நாற்காலிகள், பீங்கான் கலங்கள், சரவிளக்குகள் ஆகியவை ஏலக் கூடங்களை நாடி வந்தன. மும்பையிலும் டெல்லியிலும் நடைபெறும் கலைப்பொருள் ஏலங்களோ மற்றொரு வகையைச் சேர்ந்தவை. மும்பையில் 2000-ஆம் ஆண்டில் தோன்றிய சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம் இணையத்தின் வழியாகவே ஏலம் நடத்தலாயிற்று. இலண்டனின் கிறிஸ்டீஸ் நிறுவனம் 2013 டிசம்பரில் மும்பையில் நடத்திய ஏலத்தில், ஓவியர் கைத்தொண்டேயின் படைப்பு ஒன்று 23 கோடி ரூபாய்க்கு மேல் விலை போயிற்று. பழைய நாற்காலி ஆயினும், கோடி பெறும் ஓவியம் ஆயினும், ஏலத்தின் விதிகள் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் அவ்விதிகளைக் காண்போம். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு உருப்படிக்கும் ஓர் எண் இடப்படும். இதனை 'லாட்' என்பர். ஏலத்துக்கு முன்னரே விவரப் பட்டியல் வெளியாகும். பொருள்களை நேரில் பார்வையிட நாள் ஒதுக்கப்படும். பட்டியலில் உத்தேச விலை குறிக்கப்பட்டிருக்கலாம். விற்பவர் இதற்குக் குறைவாகத் தர மாட்டேன் என்று ஒரு விலையை ஏல நிலையத்தாரிடம் இரகசியமாகக் கூறி வைப்பதும் உண்டு. அதனை 'ரிசர்வ்' விலை என்பர். கேள்வி அந்த அளவை எட்டாவிடில் பொருள் விற்பனை ஆகாது.

ஏலத்தைப் பற்றிய சட்டம் 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவில் உள்ளது. ஏலக்காரர் சுத்தியலைத் தட்டியோ, வழக்கமான வேறு முறையிலோ முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவு பெறுகிறது. அதுவரை, கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறும் உரிமை உடையவர். விற்பவர் தாமும் கேள்வி கேட்கப் போவதாக முன்கூட்டி வெளிப்படையாக அறிவித்திருக்க வேண்டும். அவ்வாறின்றித் தம் ஆளை நிறுத்திப் பொய்க் கேள்வியால் விலையை ஏற்றுவாராயின், விற்பனையை மறுத்துவிட வாங்கியவருக்கு உரிமை உண்டு. எனினும், பொய்க் கேள்வியை மெய்ப்பிப்பது எளிதன்று. ஆதலால், சட்டத்தை நம்புவதோடு நம்மையும் நாம் கட்டுப்படுத்திக் கொள்வதே பாதுகாப்பு.

அக்கட்டுப்பாடு ஏன் தேவை என்பதைச் சற்று ஆராய்வோம். ஏலத்தில் விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்லர். அவருக்கு அடுத்தபடியாக நின்று விலகியவரே. ஒரு கடிகாரத்துக்கு எண்பதாயிரம் ரூபாய் தர நாம் ஆயத்தமாக இருந்தாலும், எதிராளி முப்பதாயிரத்தில் நின்றுவிட்டால் அதற்கு அடுத்த படியிலேயே அது நமக்குக் கிடைத்துவிடும். பிடிவாதம் உள்ள இருவர் எதிரெதிரே நின்றால், பத்தாயிரம் பெறாத பொருளும் லட்சத்தைத் தொடும். மேலும், பொருளின் உண்மை மதிப்பு யாருக்கும் திட்டமாகத் தெரியாத இடத்தில், எல்லோரையும்விட மிகுதியாக மதிப்பிட்டவரே வெல்கிறார். வெற்றி பெற்றோம் என்பதே, கூடத்திலிருந்த மற்ற எவரும் அவ்விலை தர விரும்பவில்லை என்பதற்கும் சான்றாகும்.

எனவே, கூடத்துக்குள் நுழையுமுன் நம் உச்ச விலையைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவ்விலை சுத்தியல் விழும் விலையாக இருத்தல் கூடாது. பொருள் வீடு வந்து சேரும் விலையாக இருத்தல் வேண்டும். கையிலுள்ள தொகை 60,000 ரூபாய் என்று கொள்வோம். ஏல நிலையம் வாங்குபவரிடம் நூற்றுக்கு இருபது கட்டணம் பெறுவதாக வைத்துக்கொள்வோம். 40,000 ரூபாயில் சுத்தியல் விழுந்தால், கட்டணம் 8,000 சேர்ந்து 48,000 ஆகும். அதன்மேல் சரக்கு சேவை வரி உண்டு. வண்டிக் கூலி உண்டு. பழுது பார்க்கும் செலவும் உண்டு. ஆக, 60,000 வைத்திருப்பவர் 40,000-க்கு அருகிலேயே நின்றுவிடுவது விவேகம். கட்டணமும் வரியும் எவ்வளவு என்பதை நிலையத்தாரிடம் முன்னதாகவே கேட்டறிதல் நலம்.

அடுத்தது, பொருளைப் பார்வையிடுதல். ஏலத்தில் பொருள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது; பின்னர்க் குறை கண்டு திருப்பித் தரும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகையால், முகப்பைப் பார்ப்பதைவிட முதுகைப் பார்ப்பது மேல். மேசையானால் இழுப்பறையை வெளியே எடுத்து அதன் அடிப்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கையால் இழைத்த பலகையில் மேடு பள்ளம் மெலிதாகப் புலப்படும். இயந்திர வட்ட வாளால் அறுத்த பலகையில் வளைந்த கோடுகள் ஒரே சீராக ஓடும். தலையில் கூட்டல் குறி போன்ற வெட்டு உடைய திருகாணி 1930-களிலேதான் பரவலாயிற்று. நூற்றைம்பது ஆண்டுப் பழமை கூறும் பெட்டியில் அத்தகைய திருகாணி காணப்படின், பிற்காலத்தில் பழுது பார்த்தார்களா, பெட்டியே பிற்காலத்ததா என்று வினவ வேண்டும்.

ஓவியங்களிலும் இவ்விழிப்பு வேண்டும். இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, தம் இலக்குமி, சரசுவதி படங்களை வண்ணக் கல்லச்சில் பெருக்கினார். நம் பாட்டனார் வீட்டுக் கூடங்களில் தொங்கியவை அப்படங்களே. அவற்றைச் சிலர் கையால் தீட்டிய ஓவியம் என்று எண்ணிப் பெருவிலை கொடுக்க முற்படுகின்றனர். பூதக் கண்ணாடி ஒன்றைப் படத்தின்மேல் வைத்தால், அச்சில் பதிந்த நுண்ணிய வண்ணப் புள்ளிகள் தெரிந்துவிடும். அச்சுப் படமாயினும் அதற்கென்று ஒரு மதிப்பு உண்டு. அதனை அச்சுப் படமாக அறிந்து, அதற்குரிய விலையில் வாங்குவதில் தவறில்லை. பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் பதித்த தஞ்சாவூர்ப் படங்களுக்கும் இது பொருந்தும். அக்கலை இன்றும் வாழ்கிறது. புதிய படங்கள் நல்ல கைவினைஞரால் செய்யப்படுகின்றன. புதியதைப் புதியதென்று விற்பது வாணிகம்; புகையூட்டிப் பழையதென்று விற்பது ஏமாற்று.

இனி, செப்புத் திருமேனிகளுக்கு வருவோம். இவற்றிலும் போலி உண்டு. புதிதாக வார்த்த சிலையை உப்பும் அமிலமும் இட்டு மண்ணில் புதைத்து, பச்சைக் களிம்பு ஏறச் செய்து விற்பார் உளர். ஆனால், இங்கே போலியைவிட உண்மையே பெரிய அபாயம். சிலை போலியானால் நட்டமாவது நம் பணம். உண்மையானால், அது யாரோ ஓர் ஊராரின் கோயிலிலிருந்து களவு போனதாக இருக்கக்கூடும்.

இதற்குச் சான்று நம் தஞ்சை மண்ணிலேயே உள்ளது. 1951-இல் சிவபுரம் என்னும் சிற்றூரில் நிலத்தடியிலிருந்து நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவை ஊர்க் கோயிலில் வைக்கப்பட்டன. நடராசர் பழுது பார்ப்பதற்காக வெளியே அனுப்பப்பட்டார். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். மூலத் திருமேனி பம்பாயில் கைமாறி, நியூயார்க் சென்று, 1973-இல் கலிபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளையால் ஏறத்தாழ 9 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்டது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. சமரசத்தின் பயனாக 1986-இல் நடராசர் நாடு திரும்பினார். மூலம் வெளியேறிய பின் ஊரார் வழிபட்டது நகலையே.

பத்தூர் நடராசரின் கதை இதனினும் வியப்பானது. 1976-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனியை, 1982-இல் இலண்டனில் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. களவுப் பொருள் என்பதை அந்நிறுவனம் அறியாது. விற்றவர் காட்டிய பொய்யான வரலாற்றை நம்பிற்று. ஆயினும், இலண்டன் நீதிமன்றம் சிலையைத் தர ஆணையிட்டது. பாழடைந்து கிடந்த பத்தூர்க் கோயிலே சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக நின்று வழக்காடலாம் என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்றது. 1991-இல் நடராசர் தாயகம் மீண்டார். நல்லெண்ணத்தோடு வாங்கினோம் என்னும் வாதம் வாங்கியவரைக் காக்கவில்லை.

இவ்விரண்டும் தனி வாணிகத்தில் விற்கப்பட்டவை. ஏலத்துக்கு வந்த பொருளும் இவ்வாறு மீண்டதுண்டு. 1898-இல் உத்தரப் பிரதேசத்துப் பிப்ரஹ்வாவில் புத்தர்பிரானின் நினைவாக அமைந்த தூபியிலிருந்து எடுக்கப்பட்ட மணிகளை, 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோத்பிஸ் நிறுவனம் ஏலத்துக்குக் கொணர்ந்தது. இந்திய அரசு மறுப்புத் தெரிவிக்கவே ஏலம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மணிகள் இந்தியா வந்து சேர்ந்தன.

நம் நாட்டுக்குள் இதற்கெனச் சட்டம் உண்டு. தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் முதலியவை தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தொல்பொருள் வாணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும். சிற்பம், ஓவியம், சுவடி போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு செய்தல் வேண்டும். கைமாறும்போது பதிவு அதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். தனியார் எவரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. இரவிவர்மா, இரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷேர்கில், ஜாமினி ராய் உள்ளிட்ட ஒன்பது ஓவியரின் படைப்புகள் நூறாண்டு நிரம்பாவிடினும் நாட்டைவிட்டு வெளியேறக் கூடா. யானைத் தந்தப் பொருளை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை.

ஆகவே, பழைய சிலை ஒன்றை ஏலத்தில் காணும்போது பதிவுச் சான்றிதழ் எங்கே, இதுவரை எவரெவரிடம் இருந்தது, அதற்குக் கடிதமோ இரசீதோ நிழற்படமோ உண்டா என்று வினவ வேண்டும். 'பழைய குடும்பத்துச் சொத்து' என்பது மட்டும் விடையாகாது. விடை கிடைக்காவிடின், எவ்வளவு மலிவாயினும் கையை உயர்த்தாதிருப்பதே முறை. வெளிநாட்டிலுள்ள மகனுக்குப் பாட்டியின் பழைய விளக்கை அனுப்ப எண்ணுவோர், அது தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்னதாகப் பெறுதல் நலம்.

இவ்வகையில், பிற மாநிலத்து ஏலக் கூடத்தில் அமர்ந்திருக்கும் தமிழருக்கு ஒரு தனிப் பொறுப்பும் உண்டு. கோயில் விளக்கிலும் தாம்பாளத்திலும் 'உபயம்' என்று தொடங்கி, கொடுத்தவர் பெயரையும் கோயிலின் பெயரையும் வெட்டி வைப்பது நம்மவர் வழக்கம். சில திருமேனிகளின் பீடத்திலும் தமிழ் எழுத்து உண்டு. அங்கே கூடியிருப்போர் அதனை வெறும் கீறல் என்றோ, அழகு வேலை என்றோ எண்ணக்கூடும், நாம் படித்துவிடுவோம். அவ்வாறு ஓர் ஊரின் பெயரைக் கண்டால், நிலையத்தாரிடம் வரலாறு கேட்பதோடு, 1983 முதல் இயங்கிவரும் தமிழ்நாட்டுக் காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு எழுதிவிடலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் கோயில்களில் எடுத்துச் சேர்த்துவைத்த நிழற்படங்கள், களவு போன திருமேனிகள் சிலவற்றை அடையாளம் காண உதவியுள்ளன. ஒரு கடிதமும் ஒரு பழைய படமும் ஒன்று சேர்ந்தால் ஓர் ஊரின் தெய்வம் ஊர் திரும்பக்கூடும்.

ஏலக் கூடத்தில் கவலையின்றி வாங்கத்தக்கவை எத்தனையோ உண்டு. மணி அடிக்கும் சுவர்க் கடிகாரம், எழுதுமேசை, பீங்கான் தட்டு, கல்லச்சுப் படம் ஆகியவை நம் வீட்டை அழகு செய்யும். வாங்கிய கதையை வாய் நிறையச் சொல்லவும் இடம் தரும். வந்த வழி தெரிந்த பொருளை வாங்குவோம். எழுதி வைத்த விலையைத் தாண்டாதிருப்போம். இரசீதைப் பொருளோடு சேர்த்துப் பாதுகாப்போம். நம் பேரப்பிள்ளைகளின் கைக்கு அப்பொருள் போகும்போது அதன் வரலாறும் உடன் போகட்டும்.