பேய் வராத பேய்க் கதை

“இந்த வயதில் பேய்ப் புஸ்தகமா?” என்று வீட்டில் ஒரே கேலி. இருக்கட்டும்! சமீபத்தில் நாலு ஆங்கில நாவல்கள் படித்தேன். எல்லாம் உலகம் கொண்டாடியவை. அதற்காக என் மனசில் பட்டதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

முதலில் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ (1897). ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வக்கீல் டிரான்ஸில்வேனியாவில் ஒரு கோட்டையில் அகப்பட்டுக்கொள்ளும் முதல் நாலு அத்தியாயங்கள் பிரமாதம். பிரபு சுவரில் பல்லி மாதிரித் தலைகீழாக இறங்கும் கட்டத்தைப் படித்தபின், சமையலறைப் பல்லியைக் கண்டாலே எனக்கு உடம்பு கூசிற்று. ஆனால் கதை இங்கிலாந்துக்கு வந்ததும் டயரி, கடிதம், தந்தி என்று ஜவ்வாக இழுக்கிறது. பிரபுவோ அத்தி பூத்தாற்போல்தான் தலை காட்டுகிறார்! இன்னொரு கோபமும் எனக்கு உண்டு. எல்லாருடைய குறிப்புகளையும் டைப் அடித்து, வரிசைப்படுத்தி, துப்புத் துலக்க வழி செய்கிறவள் மீனா. “பெண்பிள்ளைக்கு இதெல்லாம் வேண்டாம்” என்று ஆண்கள் அவளை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்கி வைத்த அந்தச் சமயத்தில்தான் பிரபு அவளிடமே வந்து சேருகிறான். நன்றாக வேண்டும் அந்த ஆண்களுக்கு!

டாஃப்னே டு மாரியரின் ‘ரெபெக்கா’வில் (1938) பேயே கிடையாது. செத்துப்போன மூத்தாளின் நினைவுதான் வீட்டை ஆட்டி வைக்கிறது. இளையாளுக்குக் கடைசிவரை பெயர்கூட இல்லை. விறுவிறுப்பு உண்டு, ஆனால் அந்தக் கணவனை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வேறு ரகம். சினிமாவில் உறுமும் ராட்சஸனை எதிர்பார்த்துப் போனேன். புஸ்தகத்தில் அவன் பேசுகிறான், படிக்கிறான், அழுகிறான். கண் திறந்ததுமே படைத்தவன் பயந்து ஓடிவிட்டான் என்பதுதான் அவன் வழக்கு. விக்டரின் புலம்பலில் பாதியை வெட்டியிருக்கலாம். ஆனால் 1816-ல் இதை எழுத ஆரம்பித்தபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. முந்தின வருஷம்தான் குறைப் பிரசவத்தில் பிறந்த பெண் குழந்தையைப் பறிகொடுத்தாள். கணப்பின் அருகே தேய்த்துவிட்டதும் குழந்தை உயிர் பெற்றதாகக் கனவு கண்டு, டயரியில் குறித்து வைத்தாள். இதை அறிந்தபின் விஞ்ஞானக் கதை என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாக ஷெர்லி ஜாக்ஸனின் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ (1959). நாலு குழந்தைகளின் தாய். குடும்பக் கூத்துகளை வேடிக்கையாக எழுதிப் பெயர் வாங்கியவர். அதே கைதான் இதையும் எழுதிற்று! 32 வயது எலினார், பதினோரு வருஷம் நோயாளித் தாய்க்குப் பணிவிடை செய்தவள். ஒரு ராத்திரி தாய் சுவரைத் தட்டிக் கூப்பிட்டாள், இவள் போகவில்லை, தாய் இறந்துவிட்டாள். இப்போது அந்நிய வீட்டில், நடு ராத்திரியில், யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பேய் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. டாக்டரின் மனைவி வந்து சிரிப்புக் காட்டும் பகுதி மட்டும் எனக்கு ரசிக்கவில்லை.

அந்தத் தட்டல் வந்ததும் புஸ்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் தாயார் படுக்கையில் கிடந்த கடைசி வருஷம், ஒரு ராத்திரி அவர் கூப்பிட்டது காதில் விழாததுபோல் நானும் புரண்டு படுத்திருக்கிறேன். காலையில் நன்றாகத்தான் இருந்தார், காப்பியும் கேட்டார். மிச்சப் பக்கங்களை மறுநாள் பகலில், கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதுதான் படித்து முடித்தேன்.