முழு சார்ஜ் இருந்தும் கார் நிற்கும், தெரியுமா?

எலெக்ட்ரிக் காரில் நெடுந்தூரம் கிளம்புகிற எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குகிற பயம் ஒன்றுதான்: நடுக்காட்டில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்? ஆனால் பிரிட்டனில் வண்டி நின்றால் ஓடிவந்து உதவும் ஏஏ அமைப்பு என்ன சொல்கிறது தெரியுமா? எலெக்ட்ரிக் கார்களுக்காக அதற்கு வந்த அழைப்புகளில், சார்ஜ் தீர்ந்து நின்றவை 2015-இல் 8 சதவீதம். 2023-இல் அது 2 சதவீதச் சொச்சமாக இறங்கிவிட்டது! அப்படியானால் மற்ற கார்களெல்லாம் ஏன் நிற்கின்றன? அங்கேதான் ஆச்சரியமே ஆரம்பிக்கிறது.

400 வோல்ட், 800 வோல்ட் என்று காரின் தரைமுழுக்கப் பேட்டரி பரந்து கிடக்கும். அதில் 80 சதவீதம் சார்ஜும் இருக்கும். ஆனாலும் கார் அசையாது! ஏனென்றால் பழைய அம்பாசிடரில் இருந்த மாதிரியே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இந்தக் கார்களிலும் உண்டு. கம்ப்யூட்டர்களை எழுப்புவது, கதவைத் திறப்பது, டிஸ்பிளேவுக்கு உயிர் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் ‘கான்டாக்டர்’ என்கிற கனத்த சுவிட்சை இழுத்து மூடுவதும் அதுவேதான். 12 வோல்ட் படுத்துவிட்டால் கான்டாக்டர் மூடாது. 800 வோல்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஒரு சொட்டு மின்சாரம் மோட்டாருக்கு வராது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் காருக்கு அப்படியே பொருந்துகிறது!

ஜெர்மனியின் ஏடிஏசி வாகன ஓட்டிகள் சங்கம் வெளியிட்ட 2024-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வழியில் நின்றுபோன வண்டிகளில் கிட்டத்தட்ட பாதிக்குக் காரணம் இந்த 12 வோல்ட் பேட்டரிதான். பெட்ரோல் கார் ஆனாலும் சரி, எலெக்ட்ரிக் ஆனாலும் சரி, முதல் குற்றவாளி அதுவே! இன்னொன்றையும் கேளுங்கள். இரண்டு முதல் நான்கு வயதான கார்களில், ஆயிரத்துக்கு 10.4 பெட்ரோல், டீசல் கார்கள் நின்றிருக்கின்றன. எலெக்ட்ரிக்கில் ஆயிரத்துக்கு 4.2 மட்டும்தான். பாதிகூட இல்லை! எலெக்ட்ரிக் கார் என்றாலே வழியில் காலை வாரிவிடும் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை ஒருதரம் சத்தமாகப் படிக்க வேண்டும்.

சரி, அந்தக் கான்டாக்டர் வேலை செய்வதைக் காதால் கேட்கலாம், தெரியுமா? ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். சீட்டுக்குக் கீழிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். இமைக்கும் நேரத்தில் இன்னொரு ‘டக்’. முதல் டக்கில் மின்சாரம் நேராகப் பாய்வதில்லை, ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. மோட்டாரை ஓட்டும் இன்வெர்ட்டரில் உள்ள கெபாசிட்டர்கள் நிறைந்த பிறகுதான் இரண்டாவது டக், முழுப் பாதையும் திறக்கும். இந்த நிதானம் இல்லாமல் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கான்டாக்டரின் முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்! தினமும் நாம் கவனிக்காமல் விடுகிற அந்த இரண்டு டக்குக்குள் இவ்வளவு புத்தி ஒளிந்திருக்கிறது.

12 வோல்ட் பேட்டரிக்கு யார் சோறு போடுகிறார்கள்? பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர். எலெக்ட்ரிக் காரில், பெரிய பேட்டரியின் மின்சாரத்தை 12 வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தருகிற ஒரு கன்வெர்ட்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர்கள் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, திடீரென்று எகிறும் வோல்டேஜையும் தாங்கித் தாங்கி ஒரு நாள் செத்துப்போனால்? கார் அப்போதும் ஓடும், ஆனால் 12 வோல்ட் கரைந்துகொண்டே வரும். டேஷ்போர்டில் எச்சரிக்கை எரியும், வேகம் படிப்படியாகக் குறையும், கடைசியில் வண்டி ஓரம்கட்டும்! கற்பனை இல்லை. இந்தக் காரணத்துக்காகவே ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2024 மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 1.47 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. அதே ஆண்டு நவம்பரில் அந்த எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் பூட்டித்தந்த அயோனிக் 5 காரும் இதில் தப்பவில்லை. 2024 ஜூனில் இந்தியாவில் 1,744 கார்கள் இதே பெட்டியைச் சோதிப்பதற்காக அழைக்கப்பட்டன. சில டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து இரண்டு டன் காரை நிறுத்திவிடுகின்றன!

இன்னொரு வேடிக்கையான சிக்கல். 12 வோல்ட் பேட்டரி செத்துவிட்டது, பானட்டைத் திறந்து வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க வேண்டும். ஆனால் சில கார்களில் பானட் பூட்டே மின்சாரத்தில்தான் திறக்கும்! டெஸ்லா மாடல் 3-இல் இதற்கு என்ன வழி வைத்திருக்கிறார்கள் தெரியுமா? முன் பம்பரில், இழுவைக் கொக்கி மாட்டுகிற இடத்தில் ஒரு சின்ன வட்ட மூடி. அதைப் பெயர்த்தால் உள்ளே ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். வேறொரு 12 வோல்ட் பேட்டரியை அந்த இரண்டிலும் தொட்டால் போதும், பானட் பட்டென்று விடுபடும். அந்த மூடியைத் தினமும் துடைப்பவர்களுக்குக்கூட உள்ளே ஒயர் இருப்பது தெரியாது. எந்த எலெக்ட்ரிக் கார் வைத்திருந்தாலும், மின்சாரம் இல்லாமல் கதவை உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி எங்கே என்று வீட்டில் எல்லாருக்கும் காட்டிவையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன்.

நின்ற காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? கூடவே கூடாது! பெட்ரோல் வண்டியை நியூட்ரலில் போட்டு இழுப்பது நமக்குப் பழக்கம். ஆனால் எலெக்ட்ரிக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், அதற்குள்ளே நிரந்தரக் காந்தம் இருந்தால் மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிவிடும். யாரும் கேட்காத மின்சாரம், செத்துக்கிடக்கிற காருக்குள் பிறக்கும்! அதனால்தான் நான்கு சக்கரமும் தரையில் படாதபடி ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றச் சொல்கிறார்கள். அதிலும் 12 வோல்ட் செத்திருந்தால் பார்க்கிங் பிரேக் விடாது. சக்கரத்துக்கு அடியில் வழுக்கும் தட்டு வைத்துத்தான் லாரிமேல் இழுத்தேற்ற வேண்டும்.

மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிற இதே குணம் மலையிறக்கத்தில் வரமாகிவிடுகிறது. ஸ்விட்சர்லாந்தில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே ஓடும் ‘ஈ-டம்பர்’ என்கிற ராட்சத லாரி காலியாக மேலே ஏறும், 65 டன் கல்லைச் சுமந்து கீழே இறங்கும். இறங்கும்போது பிரேக்கில் பிறக்கிற மின்சாரமே மறுபடி ஏறுவதற்குப் பெரும்பாலும் போதும்!

சார்ஜ் போடுகிற இடத்திலேயே பயணம் நின்றுபோவதும் உண்டு. பிளக்கைச் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! முதலில் காரும் சார்ஜரும் ‘பேசி’ முடிக்க வேண்டும். விநாடிக்கு 1,000 முறை துடிக்கிற ஒரு சமிக்ஞையில் ‘நான் இருக்கிறேன்’, ‘நான் தயார்’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். பிளக் பூட்டிக்கொள்ளும், எங்காவது கசிவு இருக்கிறதா என்று ஒயரைச் சோதிக்கும், பிறகுதான் கான்டாக்டர் மூடும். இந்த உரையாடலில் ஒரு வார்த்தை தப்பினாலும் சார்ஜர் மறுத்துவிடும். 2022-இல் கலிஃபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பொதுவில் இருந்த 657 வேக சார்ஜர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் போய்ச் சோதித்தார்கள். ஒழுங்காக வேலை செய்தவை 72.5 சதவீதம்தான்! அதைவிட வயிற்றெரிச்சல், 4.9 சதவீத இணைப்புகளில் எல்லாம் சரியாக இருந்தும் கேபிள் காரின் துவாரம் வரை எட்டவில்லை. கோடிகளைக் கொட்டி நிறுத்திய சார்ஜரில் ஒயர் நீளம் பற்றாக்குறை!

வெயிலும் குளிரும் தூரத்தைத் தின்கின்றன என்பது தெரியுமா? அமெரிக்காவின் ஏஏஏ வாகன ஓட்டிகள் சங்கம் 2019-இல் ஐந்து கார்களை வைத்துப் பார்த்தது. மைனஸ் 7 டிகிரிக் குளிரில் ஹீட்டரைப் போட்டதும் ஓடும் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைந்தது! 35 டிகிரி வெயிலில் ஏசி போட்டால் 17 சதவீதம். நம் ஊர்க் கோடையில் 35 டிகிரி என்பது சாதாரணம். ஆக டேஷ்போர்டு காட்டுகிற கிலோமீட்டரை அப்படியே நம்பிக் கிளம்பக் கூடாது. மீதி சார்ஜ் தீர்ந்துகொண்டே வரும்போது நிசான் லீஃப் காரில் எந்தப் படம் எரியும் தெரியுமா? ஆமை! இனி மெதுவாகத்தான் போவேன் என்று காரே சொல்லிவிடுகிறது.

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. எலெக்ட்ரிக் காரில் ஒரு கண்டத்தையே கடக்கும் பந்தயம் 1968-லேயே நடந்துவிட்டது, தெரியுமா? கால்டெக் பல்கலைக்கழக மாணவர் வாலி ரிப்பெல், தன் பழைய ஃபோக்ஸ்வாகன் வேனை எலெக்ட்ரிக்காக மாற்றிவிட்டு எம்ஐடி மாணவர்களுக்குச் சவால் விட்டார். நீங்கள் உங்கள் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு வாருங்கள், நாங்கள் எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிறோம், யார் முந்துகிறார்கள் பார்ப்போம்! அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் பக்கத்தில் கால்டெக் இருக்கும் பாசடீனா, கிழக்குக் கரையில் எம்ஐடி இருக்கும் கேம்பிரிட்ஜ். நடுவில் சுமார் 5,300 கிலோமீட்டர். வழிநெடுக 54 இடங்களில் சார்ஜ் போட ஏற்பாடு. ஆகஸ்ட் 26-ஆம் தேதி இரண்டு வண்டிகளும் எதிரெதிர்த் திசையில் கிளம்பின.

பிறகு ஆரம்பித்தது பாருங்கள் ரோதனை! எம்ஐடி மாணவர்கள் செவ்ரோலே கார்வேர் காரில் நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்திருந்தார்கள். சீக்கிரம் சார்ஜ் ஏறும், ஆனால் கொதிக்கும். நிறுத்துகிற இடமெல்லாம் ஐஸ் வாங்கிப் பேட்டரியைக் குளிரவைத்தார்கள். கனத்த ஈயப் பேட்டரிகளோடு வந்த கால்டெக் வேனின் மோட்டார் அரிசோனாவில் கெட்டுப்போனது. மாற்று மோட்டார் வந்து சேர்ந்து பூட்டி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு முழு நாள் போய்விட்டது. எம்ஐடி காருக்கு இலக்கு நெருங்கும் சமயத்தில் மோட்டார் கைவிட்டது, இழுத்துக்கொண்டுதான் பாசடீனாவுக்குள் வந்தார்கள். ஆனாலும் அவர்கள்தான் முதலில் வந்தார்கள், ஒன்றரை நாள் முன்னதாக! ஆனால் விதிப்படி இழுத்துவந்த தூரத்துக்கு அபராத நேரம் உண்டு. எல்லாம் கூட்டிக் கழித்தபோது கால்டெக் 210 மணி 3 நிமிடம், எம்ஐடி 210 மணி 33 நிமிடம். அரை மணி நேர வித்தியாசத்தில் கால்டெக் வெற்றி! ஒன்பது நாள் நெருங்கும் பயணத்தில் அரை மணி! அந்த ரிப்பெல் பின்னாளில் டெஸ்லா நிறுவனத்தில் மோட்டார் பொறியாளராக வேலை பார்த்தார்.

சாலையிலாவது ஐஸ் கிடைக்கும், இழுத்துப்போக வண்டி வரும். நிலாவில் எலெக்ட்ரிக் கார் மக்கர் பண்ணினால்? அதுவும் நடந்திருக்கிறது! 1971-இல் அப்போலோ 15 வீரர்கள் நிலாவில் முதல்முதலாகக் காரோட்டியபோது முன்சக்கரங்கள் திரும்பவே இல்லை. நல்லவேளை, பின்சக்கரங்களுக்குத் தனி ஸ்டியரிங் மோட்டார் இருந்தது, அதை வைத்தே ஓட்டினார்கள். மறுநாள் முன்சக்கரம் தானாகச் சரியாகிவிட்டது! 1972 டிசம்பரில் அப்போலோ 17. யூஜின் செர்னனின் சுத்தியல் மாட்டி, பின்பக்க மட்கார்டு உடைந்தது. மட்கார்டுதானே என்று விட முடியாது. அது இல்லையென்றால் நிலாத் தூசி இருவர்மேலும் கருவிகள்மேலும் மழையாகக் கொட்டும், கறுத்த தூசி வெயிலை உறிஞ்சிப் பேட்டரியைச் சூடேற்றும். கையிலிருந்த வரைபடத் தாள்கள் நான்கை டேப் போட்டு ஒட்டி, கிளாம்ப் மாட்டி மட்கார்டு செய்துவிட்டார்கள்! அந்த மட்கார்டு இன்று வாஷிங்டனில் உள்ள வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நிலாவில் அவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதியும் இருந்தது: கார் நின்றுவிட்டால், கையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனில் விண்கலத்துக்கு நடந்தே திரும்பக்கூடிய தூரத்துக்கு மேல் போகவே கூடாது!

கடைசியாகச் செவ்வாய். 2004-இல் அங்கே இறங்கிய ஸ்பிரிட் ஊர்தியும் ஆறு சக்கர எலெக்ட்ரிக் வண்டிதான். 90 நாள் வேலைக்கு அனுப்பியது, வருடக்கணக்கில் ஓடியது. 2006-இல் முன் வலது சக்கரத்தின் மோட்டார் செத்தது. மெக்கானிக் யாரும் போக முடியாது. என்ன செய்தார்கள்? வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி, செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள்! அந்தச் சக்கரம் உருளாமல் தரையைக் கீறிக்கொண்டே போனது. 2007-இல் அப்படிக் கீறிய தடத்தில் சிவந்த மண்ணுக்கு அடியிலிருந்து வெள்ளை மண் கிளம்பியது. சோதித்தால் சுமார் 90 சதவீதம் சுத்தமான சிலிக்கா! ஒரு காலத்தில் அங்கே வெந்நீர் ஊற்றோ, பாறையிடுக்கில் நீராவியோ இருந்திருக்க வேண்டும் என்பதற்குக் கிடைத்த பெரிய சாட்சிகளில் அதுவும் ஒன்று. ஆறு சக்கரமும் நன்றாக உருண்டிருந்தால் வண்டி அந்த மண்ணைக் கீறாமல் மேலாகவே கடந்து போயிருக்கும்!