உங்களுக்குத் தெரியுமா? போருக்குப் போகாத கோடரி

சீனாவின் ஹாங்சோ நகருக்கு அருகே, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த லியாங்சூ மக்கள் ஜேட் கல்லில் கோடரிகள் செய்தார்கள். வெட்டுவதற்காக அல்ல, அதிகாரத்தைக் காட்டுவதற்காக! 1986-இல் ஃபான்ஷான் கல்லறையில் கிடைத்த 'யுவே' கோடரியில், இறகுக் கிரீடம் அணிந்த தெய்வ உருவம் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. உலோகக் கருவிகள் இல்லாத காலம் அது. ஈர மணலை வைத்துத் தேய்த்துத் தேய்த்தே இந்தக் கடினமான கல்லுக்கு வடிவம் கொடுத்தார்கள். எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

பின்னால் வந்த ஷாங் அரச வம்ச காலத்தில் 'கெ' எனும் குத்துக்கோடரியும் ஜேடில் செய்யப்பட்டது. படை நடத்திய அரசி ஃபூ ஹாவின் கல்லறை 1976-இல் அன்யாங்கில் திறக்கப்பட்டபோது கிடைத்த ஜேட் பொருட்கள் மட்டும் 755. அவற்றில் சடங்கு ஆயுதங்களும் உண்டு.

அந்தப் பழைய ஆயுதங்கள் பெரும்பாலும் நெஃப்ரைட் வகைக் கல். இன்று வளையல், மோதிரங்களில் மின்னும் பளிச்சென்ற பச்சையோ ஜேடைட் என்ற வேறு கனிமம். இரண்டுமே 'ஜேட்' என்றுதான் விற்கப்படுகின்றன. வாங்கும்போது எந்த வகை என்று கேட்டு, ஆய்வகச் சான்றிதழையும் பார்த்து வாங்குங்கள்.