தட்டச்சுச் செய்து விளையாடிய காலம்



விளையாட்டு ஒன்று விளையாட வேண்டுமானால், முதலில் அதை நீயே எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தாக வேண்டும் என்று இன்று உங்கள் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். வாப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று உங்களை ஏற இறங்கப் பார்க்கும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டுச் சிறுவர் சிறுமியர் பலர் அவ்வாறுதான் விளையாடினார்கள். அன்று அப்படி விளையாடியவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டியவர்கள். அக்காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்களுடைய முகம் மலர்ந்துவிடுகிறது. அந்த மலர்ச்சிக்குப் பின்னே நாமும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு.

1981-இல் கேம்பிரிட்ஜ் நகரத்து கிளைவ் சின்க்ளேர் என்பவரின் நிறுவனம் 'இஸட்.எக்ஸ். 81' என்னும் சிறு கணிப்பொறியை எழுபது பவுனுக்கும் சற்றுக் குறைவான விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் நினைவகம் ஒரு கிலோபைட். அதாவது 1,024 எழுத்துகளுக்கான இடம். தாங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பக்கமே அதில் அடங்காது! மறு ஆண்டு ஏப்ரலில் அதே நிறுவனத்தின் 'ஸ்பெக்ட்ரம்' வந்தது. 16 கிலோபைட் உள்ளது 125 பவுன். 48 கிலோபைட் உள்ளது 175 பவுன். அழிப்பான் போன்ற ரப்பர் விசைகள். தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிதான் திரை. நிரல்களைச் சேமித்து வைக்க, பாட்டுக் கேட்கும் டேப் ரிக்கார்டர். அதே கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் பி.பி.சி.க்காக 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் கணிப்பொறியை உருவாக்கிற்று. 1982 ஜனவரி முதல் பி.பி.சி. தொலைக்காட்சியே மக்களுக்குக் கணிப்பொறிப் பாடம் நடத்தியது.

கேசட்டிலிருந்து ஒரு விளையாட்டை ஏற்றுவதற்கு ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை கிரீச்சிடும் ஓசை காதைத் துளைக்கும். திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாய்க் கோடுகள் நடுங்கும். நான்காவது நிமிடத்தில் பிழை நேர்ந்தால் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதுதான். பொறுமையைக் கற்பிக்க அதைவிடக் கண்டிப்பான உஸ்தாது ஒருவர் கிடைப்பது அரிது!

கேசட் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு வாய்த்தவை பத்திரிகைகள். 'சின்க்ளேர் யூசர்', 'யுவர் ஸ்பெக்ட்ரம்' போன்ற மாத இதழ்கள் பக்கம் பக்கமாக நிரல்களை அச்சிட்டு வெளியிட்டன. 'இன்புட்' என்றோர் இதழ் 1984 முதல் வாரந்தோறும் வெளிவந்து, 52 பகுதிகளில் நிரல் எழுதும் கலையையே படிப்படியாகக் கற்பித்தது. அஸ்போர்ன் பதிப்பகம் சிறுவர்களுக்கென்றே வண்ணப் படங்களுடன் நூல்களை வெளியிட்டது. அவற்றில் ஒரே விளையாட்டு பலவகைக் கணிப்பொறிகளுக்கும் பொருந்தும்படி அமைந்திருக்கும். எந்த வரியை எந்தக் கணிப்பொறிக்கு எப்படி மாற்ற வேண்டும் என்பதற்கு ஓரத்தில் அடையாளக் குறிகள் இருக்கும்.

அந்த நிரல்கள் 'பேசிக்' என்னும் எளிய கணிப்பொறி மொழியில் அமைந்தவை. வரிகளுக்கு 10, 20, 30 என்று எண் இருக்கும். ஏன் 1, 2, 3 என்று இல்லை? இடையில் ஒரு வரியைப் புகுத்த வேண்டியிருந்தால் 15 என்று எழுதிக்கொள்ளலாம் அல்லவா! ஸ்பெக்ட்ரமில் 'பி' விசையை ஒருமுறை தட்டினால் 'பிரின்ட்' என்ற முழுச் சொல்லும், 'ஜி' விசையைத் தட்டினால் 'கோ டூ' என்பதும் திரையில் வந்து விழும். ஒரு வரியைத் தவறாக அடித்தால் இயந்திரம் அதை ஏற்காது. பிழை இருக்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி மின்னி மின்னி நிற்கும். இலக்கணம் சரியாக இருந்து எண் மட்டும் பிழையானால் இயந்திரத்துக்குத் தெரியாது. விண்கலம் பக்கவாட்டில் பறக்கும். அல்லது கூட்ட வேண்டிய மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே போகும். பிள்ளை பத்திரிகையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, இருநூறு வரிகளுக்குள் அந்த ஓர் எண்ணைத் தேட வேண்டும். சில வேளைகளில் பிழை பத்திரிகையிலேயே இருக்கும்! அடுத்த மாதத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லையேல் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

தானே கண்டுபிடித்த பிள்ளை அத்தோடு நிற்குமா? மூன்று உயிர் என்று இருந்த இடத்தில் முப்பது என்று மாற்றியது. விண்கலத்தின் வடிவத்தை மாற்றியது. நாளடைவில் சொந்தமாகவே எழுதத் தொடங்கியது. 1983-இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'மேனிக் மைனர்' என்னும் இருபது குகை விளையாட்டை எழுதியவர் மேத்யூ ஸ்மித் என்னும் பதின்பருவ இளைஞர். 1984-இல் பி.பி.சி. மைக்ரோவுக்கு 'எலைட்' என்னும் விண்வெளி வணிக விளையாட்டைப் படைத்தவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். அதில் எட்டு விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். 32 கிலோபைட் நினைவகத்தில் 2,048 உலகங்களை எங்கே வைப்பது? அவர்கள் எதையும் சேமித்து வைக்கவில்லை. தேவைப்படும் நேரத்தில் ஒரு கணக்கு வாய்பாட்டிலிருந்து அந்தந்த உலகம் பிறந்துகொள்ளும்!

அன்றைய விளையாட்டுகள் யாவும் சிறந்தவை என்று கூற வரவில்லை. சுட்டுத் தள்ளுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவை மிகப்பல. கண் கெடுகிறது, படிப்புக் கெடுகிறது என்று அன்றைய பெற்றோரும் புலம்பாமல் இல்லை.

இவை யாவும் ஆங்கிலம் அறிந்த பிள்ளைகளுக்கு வாய்த்தவை. அரபு பேசும் பிள்ளைகளுக்கு? மக்தபில் ஓதியவர்களுக்கும், அரபுத் தமிழ் கற்ற நம் மூத்தோருக்கும் விளக்கத் தேவையில்லை: அரபு எழுத்துகளில் பெரும்பாலானவை சொல்லின் முதலில் ஒரு வடிவும், இடையில் ஒரு வடிவும், இறுதியில் ஒரு வடிவும், தனித்து நிற்கையில் வேறொரு வடிவும் கொள்பவை, வலமிருந்து இடமாகச் செல்பவை. ஆங்கிலத்துக்கென்று பிறந்த இயந்திரத்துக்கு இவற்றைப் புகட்டுவது எளிதன்று. குவைத்தைச் சேர்ந்த மர்ஹூம் முஹம்மது அல்-ஷாரிக் அவர்கள் 1982-இல் தொடங்கிய நிறுவனம் அதைச் செய்து காட்டிற்று. 'எம்.எஸ்.எக்ஸ்.' என்னும் பொது வடிவமைப்பில் ஜப்பானியர் தயாரித்த கணிப்பொறிகளை அரபு மயமாக்கி, 'ஸக்ர்' (பாறை என்று பொருள்) என்ற பெயரில் அரபு இல்லங்களுக்கு அது கொண்டுசேர்த்தது. அரபு எழுத்து பொறித்த விசைப்பலகையில் பிள்ளைகள் கணக்கும் மொழியும் பயின்றார்கள். அதே கருவியில் ஜப்பானின் கொனாமி நிறுவனத்து பென்குவின், அண்டார்க்டிகாப் பனியில் ஓட்டமாய் ஓடிற்று! அதே நிறுவனம் திருக்குர்ஆனையும் பின்னர் ஹதீஸ் தொகுப்புகளையும் கணிப்பொறியில் ஏற்றியது. 1990-இல் ஈராக்கின் படையெடுப்பால் குவைத்தை விட்டு கெய்ரோவுக்கு இடம்பெயர நேர்ந்தும் பணி நிற்கவில்லை. 2021-இல் இஸ்லாமியச் சேவைக்கான மன்னர் ஃபைசல் விருது அல்-ஷாரிக் அவர்களுக்கு வழங்கப்பட்டது. 2024-இல் அவர் இறையடி சேர்ந்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! வளைகுடாவில் அன்று வளர்ந்து, இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதை எட்டிவிட்டவர்கள் 'ஸக்ர்' என்ற சொல்லைக் கேட்டதும் புன்னகைப்பது இதனால்தான்.

நம் நாட்டிலும் அதன் சிறு சாயல் உண்டு. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, வகுப்பறைகளில் வைக்கத் தேர்ந்தெடுத்தது அந்த பி.பி.சி. மைக்ரோவைத்தான்.

பின்னர் என்ன ஆயிற்று? விளையாட்டுகள் பெருத்தன, ஒருவர் எழுதியதைப் பெருங்குழுக்கள் எழுதலாயின. பத்திரிகைகள் நிரலை அச்சிடுவதைக் குறைத்து, அட்டையில் ஆயத்த கேசட்டை ஒட்டித் தந்தன. பிறகு அவையும் ஒவ்வொன்றாக நின்றன. 'யுவர் சின்க்ளேர்' 1993 செப்டம்பரோடு முடிந்தது. புதிய கருவிகள் தட்டியவுடன் விளையாட்டைக் காட்டின. நிரல் எழுதும் வாசல் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிற்று. பள்ளிகளோ கடிதம் தட்டச்சுச் செய்வதைக் கணிப்பொறிப் பாடம் என்றன. 2000-களின் நடுவில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்துத் திடுக்கிட்டார்கள்: கணிப்பொறி அறிவியல் பயில விண்ணப்பிப்போர் குறைந்திருந்தனர், வந்தவர்களுக்கும் முன்னவர்களைப்போல நிரல் எழுதிய பழக்கம் இல்லை. வீடெல்லாம் கணிப்பொறி நிறைந்திருந்த காலத்தில் இப்படி! எபன் அப்டனும் அவருடைய தோழர்களும் அதற்கு மாற்றாகப் படைத்ததே 2012 பிப்ரவரியில் வெளிவந்த 'ராஸ்பெரி பை' என்னும் மலிவு விலைக் கணிப்பொறி. 2014-இல் இங்கிலாந்து தன் பள்ளிப் பாடத்திட்டத்தையும் மாற்றி, சிறு வயதிலேயே நிரல் எழுதக் கற்பிக்கலாயிற்று.

உங்கள் பிள்ளையின் கையிலுள்ள கைப்பேசியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதனுள் பெரும்பாலும் இருப்பது 'ஆர்ம்' வகைச் சில்லு. அதன் முன்னோடியை 1985-இல் உருவாக்கியது பி.பி.சி. மைக்ரோவைத் தந்த அதே ஏக்கார்ன் நிறுவனம்தான். அந்த ஒரு கிலோபைட் பெட்டியைவிடப் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆயினும் என்ன செய்ய வேண்டும் என்று அது பிள்ளையிடம் கேட்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று அதுவே எடுத்து நீட்டுகிறது.

பழைய அஸ்போர்ன் நூல்கள் பலவற்றை அப்பதிப்பகமே 2016-இல் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. அக்காலக் கணிப்பொறிகளைப்போல நடந்துகொள்ளும் மென்பொருள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய எந்தச் சாதாரணக் கணிப்பொறியிலும் அவை ஓடும். பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது, பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு மிகச் சிறிய நிரலாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தட்டச்சுச் செய்யச் சொல்லுங்கள். கேள்விக்குறி மின்னத் தொடங்கும்போது, எங்கே பிழை என்று உங்களுக்குத் தெரிந்தாலும் சற்று வாய் மூடி இருங்கள்.