ரேடியேட்டரை அடைக்கும் போர் தண்ணீர்

கத்திரி வெயிலில் வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் ஏறும் சாலைகளில், பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி பறக்க நிற்கும் கார்களைப் பார்க்கலாம். ‘ஏத்தம் தாங்கல, ஹீட் ஆயிருச்சு’ என்பார்கள். ஏற்றத்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. பல வண்டிகளில், வருடக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீர்தான் காரணம்.

எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, இன்ஜினைச் சுற்றி ஓடும் திரவம்தான் வெளியேற்ற வேண்டும். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடிக் காற்றில் சூட்டை விடுகிறது. போர் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூடு பட்டதும் குழாய்க்குள் படிகின்றன; வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் ஏறும் அதே வெள்ளைப் படிவுதான். இரும்புப் பாகங்களின் துருவும் அதோடு சேர்ந்துகொள்ளும். இப்படிப் பாழான ரேடியேட்டரின் மேல்தொட்டியைக் கழற்றினால், வரிசையாக இருக்கும் குழாய் வாய்கள் பல, வெள்ளையும் செம்பழுப்புமாக அடைந்து கிடக்கும்.

சமதளத்தில் மிச்சக் குழாய்களே சமாளித்துவிடும். ஏசி போட்டு, இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது வெப்பம் கூடுகிறது, எதிர்க்காற்றோ குறைகிறது. அப்போதுதான் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொடுகிறது. அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

அடைப்பு வெளியிலும் வரும். காவிரி டெல்டாவில் நெல் அறுக்கும் இயந்திரங்களில் வைக்கோல் தூசி ரேடியேட்டரை மூடிவிடுவதால், அடிக்கடி நிறுத்திக் காற்றடிக்கிறார்கள். கார்களில் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் தூசி அடையும், வெளியே தெரியாது. சர்வீஸில் அங்கே பார்க்கச் சொல்ல வேண்டும்.

சூடேறும் வண்டியில், திரவ ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது வைத்தியமல்ல. அடைப்பு அப்படியேதான் இருக்கும். பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டரில் கம்பி விட்டுக் குத்தியாவது அடைப்பெடுக்கலாம். பிளாஸ்டிக் தொட்டி வைத்த இன்றைய அலுமினிய ரேடியேட்டர் முற்றிலும் அடைத்துக்கொண்டால் மாற்றுவதே வழி.

வெறும் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் கூலன்ட் துருவையும் படிவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். கையேடு சொல்லும் வகையை மட்டும், டிஸ்டில்டு வாட்டருடன் சொன்ன விகிதத்தில் ஊற்றுங்கள். வகை மாற்றிக் கலக்காதீர்கள். வழியில் சூடேறினால் ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு போர் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால், ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள். கூலன்டுக்குச் சில நூறு ரூபாய் போதும். ஹெட் வேலை வந்தால் பல ஆயிரம் போகும்.