ஓசூர் ஷெட்டுகளுக்கு வந்திருக்கும் கார்பன் தணிக்கை

2026 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய ஒன்றியத்தில் போய் இறங்கும் இரும்பு போல்ட்டும் நட்டும் ஒரு கணக்கோடு போக வேண்டியிருக்கிறது. அவற்றைச் செய்யும்போது எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்ற கணக்கு அது. கம்பெனி தானே எழுதிக் கொடுத்தால் போதாது. அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒருவர், முதல் ஆண்டில் தொழிற்சாலைக்கே நேரில் வந்து பார்த்து, ஒப்புதல் தர வேண்டும். அது இல்லையென்றால் ஐரோப்பா தன் கையில் வைத்திருக்கும் பொது எண்ணைப் போட்டுக்கொள்ளும். அந்த எண் வேண்டுமென்றே கொஞ்சம் கூட்டி வைக்கப்பட்டது. எண் கூடினால் அங்கே இறக்குமதி செய்பவர் கட்டும் தொகை கூடும். அவர் அடுத்த ஆர்டரில் யாரிடம் விலையைக் குறைக்கச் சொல்வார் என்பது ஓசூரில் ஜாப் வொர்க் செய்யும் எவருக்கும் தெரியும்.

கார்பன் எல்லை வரி எனப்படும் இந்த ஏற்பாடு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்து பி.எம்.டபிள்யூ. பெயரில் வெளிநாடு போகும் மோட்டார் சைக்கிள் இந்தப் பட்டியலில் இல்லை. தனியாகப் பெட்டியில் போகும் போல்ட், ஸ்குரூ, சில இரும்பு, அலுமினியப் பொருட்கள் உண்டு. ஆண்டுக்கு 50 டன்னுக்குள் வாங்கும் இறக்குமதியாளருக்கு விலக்கும் உண்டு. ஆகவே ஐரோப்பாவை மட்டும் பார்த்தால், ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் பலர் நிம்மதியாக இருந்துவிடலாம்.

அப்படி இருக்க முடியாததற்குக் காரணம் உள்நாட்டில் இருக்கிறது. பங்குச் சந்தையின் முதல் 1,000 கம்பெனிகள் தங்கள் கார்பன் அளவை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று 2021-ல் பங்குச் சந்தை ஒழுங்கு அமைப்பான செபி உத்தரவிட்டது. 2022-23 முதல் அது கட்டாயம். 2023 ஜூலையில் அடுத்த படி வந்தது: முக்கியமான எண்களை வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். முதலில் 150 கம்பெனிகள், பிறகு 250, 500 என்று விரிந்து, 2026-27-ல் 1,000 கம்பெனிகளுக்கும் பொருந்தும். டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஓசூரின் பெரிய பெயர்கள் எல்லாமே பங்குச் சந்தையில் இருப்பவை. அவர்களுக்குச் சரக்கு தரும் வெண்டர்களின் கணக்கைச் செபி இப்போதைக்கு விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. ஆனால் வாங்குபவர் கேட்டால் வெண்டருக்கு அது கட்டாயம்தான். ஆப்பிள் 2022-லேயே, தன் பொருட்களுக்கான உற்பத்தியில் 2030-க்குள் கார்பனை நீக்க வேண்டும் என்று சப்ளையர்களைக் கேட்டுவிட்டது. ஐபோன் பாகங்கள் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை இதே ஓசூர் வட்டாரத்தில் இருக்கிறது.

கணக்குப் போடுவது ராக்கெட் அறிவியல் இல்லை. மாதம் 10,000 யூனிட் மின்சாரம் எரிக்கும் ஒரு சி.என்.சி. ஷெட் என்று வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் எண்படி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ, ஆக மாதம் 7 டன் கரியமில வாயு. ஜெனரேட்டருக்கு மாதம் 200 லிட்டர் டீசல் ஊற்றினால், லிட்டருக்கு 2.7 கிலோ வீதம் அரை டன்னைக் கொஞ்சம் தாண்டும். யாரும் எதிர்பார்க்காத இடம் ஏ.சி. மெஷின். கசிந்துபோன ஆர்-410ஏ கேஸ் 1 கிலோ, சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கிட்டத்தட்ட நாலு மாத ஜெனரேட்டர் டீசல், ஒரே கசிவில். மெக்கானிக் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த அந்த பில்லை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

சரிபார்ப்பாளர் தேடி வருவது இந்தச் சீட்டுகளைத்தான். டீசல் பில்லை ஜெனரேட்டரின் மணிக்கணக்கு மீட்டரோடு ஒப்பிடுவார். மின்வாரிய பில்லில் காற்றாலை யூனிட் கழிக்கப்பட்டிருந்தால், அந்தக் காற்றாலைக்கான பசுமைச் சான்றிதழை வேறு யாருக்காவது விற்றிருக்கிறீர்களா என்று கேட்பார்; விற்றிருந்தால் அந்தப் பசுமை உங்களுடையது அல்ல. இங்கே எல்லையோரச் சிக்கல் ஒன்றும் உண்டு. பதிவு அலுவலகம் பெங்களூரில், ஷெட் ஓசூரில், குடோன் கர்நாடகத்தின் அத்திப்பள்ளியில் என்று இருக்கும் நிறுவனம், எதுவரை தன் கணக்கு என்பதை முதலிலேயே எழுதி வைக்க வேண்டும். டீசலை எந்த மாநில பங்க்கில் வாங்கினாலும், எரித்தவர் கணக்கில்தான் சேரும். மின்சாரத்தில் மட்டும் எல்லைக்கோடு இல்லை: 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்துவிட்டதால், கர்நாடகத்தின் ஜிகணி ஷெட்டுக்கும் தமிழ்நாட்டின் சூசூவாடி ஷெட்டுக்கும் பெருக்க வேண்டிய எண் ஒன்றேதான்.

இதையெல்லாம்விடப் பெரிய பங்கு ஷெட்டுக்கு வெளியே, வாங்கும் இரும்பில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு டன் உருக்குக்குச் சராசரியாக 2.5 டன் கரியமில வாயு வெளியாகிறது. 2024 டிசம்பரில் மத்திய உருக்கு அமைச்சகம், 2.2 டன்னுக்குக் கீழே இருக்கும் உருக்குக்கு நட்சத்திரத் தரம் வகுத்தது. ஸ்டீல் வாங்கும்போது அந்தச் சான்றையும் கேட்டு வாங்கி வைப்பது, கூரையில் சோலார் போடுவதைவிட அதிகமாகக் கணக்கைக் குறைக்கக்கூடும்.

இந்த வேலை சுமை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஷெட் எண் தராவிட்டால், பெரிய கம்பெனி அதற்குக் கொடுத்த ரூபாயை ஒரு சராசரி எண்ணால் பெருக்கிப் போட்டுவிடும். அப்போது புது கம்ப்ரசரும் சோலாரும் போட்டவரும், காற்று கசியும் பழைய கம்ப்ரசரை ஓட்டுபவரும் ஒரே தட்டில் வந்துவிடுவார்கள். நன்றாக வேலை செய்பவருக்குத்தான் இதில் நஷ்டம்.

ஆனால் சரிபார்ப்புக் கட்டணத்தை யார் தருவது? இந்தியாவில் ஒவ்வொரு கம்பெனியின் கார்பன் கணக்கையும் பதிந்து வைக்கும் ஒரே அரசுப் பதிவேடு கிடையாது. மத்திய அரசு நிறுவனமான கிரிட் கன்ட்ரோலர் நடத்தும் கார்பன் பதிவேடு, சிமென்ட், அலுமினியம் போன்ற கனரகத் துறைகளை மனதில் வைத்தது. ஆகவே ஷெட்டின் எண் வாங்குபவரின் கோப்பில்தான் பதிவாகிறது. அந்தக் கோப்பால் பயன் பெறுபவர் செலவில் பங்கு தர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் பேக்கிங்குக்கும் லாரி வாடகைக்கும் தனித் தொகை எழுதுவது போல், சரிபார்ப்புக் கட்டணத்துக்கும் தனியாக எழுத வேண்டும். ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியா, ஐம்பது ஷெட்டுகளுக்குச் சேர்த்து ஒரே சரிபார்ப்பாளரைப் பேசினால் ஆளுக்கு ஆகும் செலவு இறங்கும். தரச் சான்றிதழ் வாங்கும் சிறுதொழில்களுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரும் மாநில அரசின் திட்டத்தில், கார்பன் சரிபார்ப்புக்கும் தெளிவான இடம் வேண்டும். வாங்குபவரின் படிவம் மேஜைக்கு வரும்வரை காத்திருக்காமல், இதைச் சங்கக் கூட்டத்தில் இப்போதே பேசியாக வேண்டும்.