மீனுக்கு முன்னால் பாக்டீரியா: ஒரகடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி

கடல்நீர் மீன் தொட்டி வைக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, நான் கொன்ற ஆறு மீன்களைப் பற்றித்தான்.

2023 மே மாதம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை, பக்கத்திலேயே அபார்ட்மெண்டில் வாடகை வீடு. மகளுக்கு ஏழு வயசு. நீமோ படத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கே இல்லை. அவள் பிறந்தநாளுக்கு மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கினேன். சுமார் 180 லிட்டர். கடைக்காரர் உப்பு, மணல், ஃபில்டர், இரண்டு கோமாளி மீன், நான்கு நீல டாம்சல் மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் வண்டியில் ஏற்றிவிட்டார். "ஒரு ராத்திரி மோட்டார் ஓடட்டும் சார், காலைல மீன விட்ருங்க" என்றார். விட்டேன். முதல் நான்கு நாள் ஜோராக நீந்தின. அஞ்சாம் நாள் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒன்பதாம் நாள் தொட்டியில் மணல் மட்டும்தான் இருந்தது.

தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. உப்பு அளவு சரி. சூடும் பரவாயில்லை. அப்புறம் எதனால் செத்தன? "அப்பா, நாம என்ன தப்பு பண்ணோம்?" என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம், நான் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகும் இடத்தில் இருந்தது.

எஸ்.டி.பி. அண்ணன் சொன்ன பாடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எந்தப் பெரிய ஆலைக்குப் போனாலும் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். எஸ்.டி.பி. என்றுதான் எல்லோரும் சொல்வோம். எங்கள் ஆலையில் அதைப் பார்த்துக்கொள்பவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். டீக்கடையில் மீன் செத்த கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"சார், புது பிளான்ட்ல மொத நாளே ஃபுல் லோடு விட்டா என்ன ஆகும்? நுரையும் நாத்தமும்தான் வரும். நாங்க சாணி கரைச்சு ஊத்தி, காத்த விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தண்ணிய ஏத்துவோம். உள்ள பாக்டீரியா வளர வேணாமா? நீங்க ஒரே நாள்ல ஆறு மீன விட்டீங்களே, அதுங்க போற கழிவ யாரு திம்பா?"

விஷயம் அவ்வளவுதான். மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியாதான். அதற்கு நிறமில்லை, அந்தக் குறைந்த அளவில் வாசனையும் தெரியாது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது குறையும். எஸ்.டி.பி.யின் ஏரேஷன் டேங்கில் நடப்பதும் இதே வேலைதான்.

கடல்நீரில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அதிக விஷம், மற்றது குறைந்த விஷம். பி.எச். கூடக் கூட விஷ வடிவம் கூடும். நன்னீர்த் தொட்டியின் பி.எச். 7 என்றால் கடல்நீருக்கு 8.2 பக்கம். அதே அளவு அம்மோனியா இருந்தாலும் கடல்நீரில் விஷப் பங்கு பத்து மடங்குக்கு மேல். நன்னீர்த் தொட்டியில் கோல்டு ஃபிஷ் தாக்குப்பிடித்த அனுபவத்தை நம்பி இதில் இறங்கினால் என் கதைதான்.

"அப்போ உங்க டேங்க் சேத்த கொஞ்சம் எடுத்துட்டுப் போய் போட்டா?" என்று கேட்டேன். "உப்புல அது செத்துப்போயிடும் சார், அதோட உங்க வீடே நாறும்" என்றார். உண்மைதான். நன்னீரில் வளர்ந்த பாக்டீரியா லிட்டருக்கு 35 கிராம் உப்பில் ஒழுங்காக வேலை செய்யாது. அந்தச் சேற்றோடு சோப்பும் நோய்க்கிருமியும் வேறு வரும்.

மீனில்லாமல் ஆறு வாரம்

ஆகஸ்டில் மறுபடி தொடங்கினேன். இந்தத் தடவை தொட்டியில் மீன் கிடையாது. கடல்நீருக்கான பாட்டில் பாக்டீரியாவை ஊற்றி, அம்மோனியம் குளோரைடு கலந்து அம்மோனியாவை 2 பி.பி.எம். வரை ஏற்றினேன். தினமும் டெஸ்ட் கிட்டில் சொட்டு விட்டு, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதினோம். எழுதும் வேலை மகளுடையது. இரண்டாம் வாரம் அம்மோனியா இறங்கத் தொடங்கியது, நைட்ரைட் ஏறியது. அஞ்சாம் வாரம் நைட்ரைட்டும் இறங்கியது. மறுபடி 2 பி.பி.எம். போட்டால் 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யம் என்ற நிலை வர ஆறு வாரம் ஆனது. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் என்பார்கள்.

இந்த இடைவெளியில் கற்றுக்கொண்ட மற்ற மூன்று விஷயங்கள்:

தண்ணீர். எங்கள் அபார்ட்மெண்டுக்கு வருவது லாரித் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரில் 900 காட்டும். அதில் கடல் உப்பைக் கலந்தால் என்னென்ன சேர்கிறது என்றே தெரியாது, பாசிதான் தழைக்கும். ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்பு கலக்க வேண்டும். இன்னொன்று, தொட்டியில் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே நிற்கும். அதனால் தினமும் குறையும் இரண்டு மூன்று லிட்டரை நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

சூடு. தொட்டிக்கு 25, 26 டிகிரி போதும். மே மாதம் நம்ம ஊரில் மூடிய வீட்டுக்குள்ளேயே 34 தொடும். மேலே மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆவியாவது கூடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சில்லர்தான். விலை தொட்டியைவிட அதிகம்.

கரண்ட். பம்ப் நின்றால் மீனுக்கு மட்டுமல்ல, பாக்டீரியாவுக்கும் மூச்சு முட்டும். சூடான உப்புத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் கட்டடத்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப்தான் காப்பாற்றியது. சில நூறு ரூபாய்ப் பொருள். மீன் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

பவளம்: நான் போகாத வழி

வெளிநாட்டு வீடியோக்களில் ரீஃப் தொட்டி என்றாலே பவளம்தான். அங்கும் அது கடைசியில்தான் வரும். கல் பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் உறிஞ்சும். கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் பக்கம், காரத்தன்மை 8, 9 டி.கே.எச். பக்கம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். முதலில் பழுப்புப் பாசி, அப்புறம் பச்சைப் பாசி என்று ஒவ்வொன்றாகப் படர்ந்து அடங்கும் புதுத் தொட்டியில் அந்த நிலைத்தன்மை இருக்காது. அதனால் ஆறு மாதமாவது பொறுப்பார்கள்.

நானும் பொறுத்துக்கொண்டு, ஒரு கடையில் பவளத்துண்டுக்கும் 'லைவ் ராக்' எனும் பாறைக்கும் முன்பணம் கொடுத்தேன். "நம்ம ராமநாதபுரம் கடல்ல வர்றது சார், சீப்" என்றார்கள். அந்த 'சீப்' தான் உறுத்தியது. வீட்டுக்கு வந்து சட்டத்தைப் படித்தேன்.

1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் பவளங்களைச் சேர்த்தார்கள். கல் பவளங்கள் எல்லாம், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாமே அதில் உண்டு. புலி இருக்கும் அதே அட்டவணை. கடல் குதிரையும் அந்த வருஷம்தான் சேர்ந்தது. லைவ் ராக் என்பது பெரும்பாலும் செத்த பவளத்தின் எலும்புக்கூடு; செத்தது என்பதால் சட்டம் விட்டுவிடாது. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் சிறை.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் விலகவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்த இடம். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல காலம் அங்கே பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்த அரண் போனதும் தீவு கரையத் தொடங்கியது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு அடியில். அது போதாதென்று 2010-லும் 2016-லும் கடல் சூடேறி, பவளங்கள் தமக்குள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்தன. மே மாதம் என் வரவேற்பறையில் நடப்பது அங்கே கடலிலேயே நடக்கிறது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உடைந்த துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் கட்டி மறுபடி வளர்க்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு துண்டாக நடும் கடலிலிருந்து உடைத்த ஒன்றை நான் 180 லிட்டரில் வைத்துச் சாகடிக்க வேண்டுமா? முன்பணம் திரும்ப வரவில்லை. போகட்டும் என்று விட்டேன்.

பாறைக்குப் பதில் துளைகள் நிறைந்த செராமிக் கற்களை அடுக்கினேன். பாக்டீரியாவுக்கு வேண்டியது ஒட்டிக்கொள்ளப் பரப்பு மட்டும்தான். அது பவளமா செராமிக்கா என்று பார்ப்பதில்லை.

எந்த மீன், எந்த வரிசை

வரிசையில் முதலில் சாது, கடைசியில் சண்டைக்காரன். முதலில் வரும் மீன் தொட்டி முழுவதையும் தன் வீடாக்கிக்கொள்ளும். மலிவு என்று டாம்சலை முதலில் விட்டால் பின்னால் வரும் எதையும் வாழ விடாது. ஒரு மீன் விட்டால் அடுத்ததற்கு மூன்று நான்கு வாரம். கூடின கழிவுக்கு ஏற்ப பாக்டீரியா பெருக அவ்வளவு நாள் வேண்டும். எஸ்.டி.பி. அண்ணன் சொன்ன அதே 'கொஞ்சம் கொஞ்சமா'. புதிதாக வந்ததை ஒரு மாதம் தனித் தொட்டியில் வைப்பது நல்லது. வெண்புள்ளி நோய் ஒன்று போதும், மொத்தமும் காலி.

வாங்குவது பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். கோமாளி மீனைக் கடலில் பிடிக்க வேண்டிய அவசியமே இன்று இல்லை. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி, டாம்சல் மீன்களைப் பண்ணையில் பெருக்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனை வளர்த்திருக்கிறது. முட்டையை ஆண் மீன் காவல் காக்கும், விசிறியும் விடும். ஒரு வாரம் போல ஆனதும் ராத்திரி நேரத்தில் குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சுக்கு முதல் உணவு ரோட்டிஃபர் எனும் நுண்ணுயிர். அதற்குத் தீனி பச்சைப்பாசி. ஆக, ஒரு நீமோவை வளர்க்க முதலில் பாசியை வளர்க்க வேண்டும். பண்ணை மீன் பிறந்ததிலிருந்து தொட்டியில் இருப்பதால் தீவனம் பழகியிருக்கும், கடல் சாமந்தி இல்லாமலும் நன்றாக இருக்கும்.

அக்டோபரில் இரண்டு குட்டி கோமாளி மீன்கள், ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது. கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறிவிடும். சமமான அளவில் வாங்கினால் யார் பெரியவர் என்று அடித்துக்கொள்ளும். நவம்பரில் ஒரு கோபி மீன். பொங்கலுக்கு ஒரு இறால். அதோடு நிறுத்திவிட்டோம். படத்தில் வரும் டோரி வேண்டும் என்று மகள் கேட்டாள். அது ஓர் அடி வரை வளரும், நீந்த நீளம் வேண்டும், நம்ம தொட்டி அதற்கு லாக்கப் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டாள்.

போன மாதம் எஸ்.டி.பி. அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் மீன்களைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்து, ஃபில்டரில் பழுப்பேறிக் கிடந்த கற்களை டார்ச் அடித்துப் பார்த்தார். "கழுவிடாதீங்க சார்" என்றார். "குழாய்த் தண்ணில மட்டும் கழுவிடாதீங்க."

கழுவுவதில்லை. தண்ணீர் மாற்றும்போது எடுக்கும் பழைய உப்புத் தண்ணீரிலேயே ஒரு அலசு, அவ்வளவுதான். நோட்டில் அம்மோனியா பூஜ்யம் என்று மகள் இன்னும் வாராவாரம் எழுதிக்கொண்டிருக்கிறாள்.